பூட்டியது யார் என்று முதலில் கேளுங்கள்

எங்கள் கம்மாபுரத்தில் கணினி வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இ-சேவை மையம் நடத்துகிறவர்கள், விருத்தாசலம் போய்வந்து கணக்கு எழுதுகிறவர்கள் என்று பல தரப்பு. மின்சாரப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் என்பதால், "ஒயரு இருக்கிற எதுவும் இவருக்குத் தெரியும்" என்ற நம்பிக்கையில் பலர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் பாதி ஒரே குறைதான். "சார், இந்த ஃபைல் அழிய மாட்டேங்குது. பேரு மாத்தினா மாற மாட்டேங்குது. வேற எதுவோ பிடிச்சிருக்குன்னு சொல்லுது."

திரையில் வரும் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்தக் கோப்பு வேறொரு நிரலில் திறந்திருப்பதால் செயலை முடிக்க முடியவில்லை. அதை மூடிவிட்டு மறுபடி முயலவும்." இதைப் படித்ததும் பெரும்பாலானோர் செய்வது மூன்று காரியம். மறுபடி மறுபடி அழிக்கப் பார்ப்பார்கள். இணையத்தில் தேடி, பூட்டை உடைக்கும் நிரல் ஒன்றை இறக்குவார்கள். அதுவும் ஆகவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோய் "ஃபார்மட்" அடித்துவிடுவார்கள். மூன்றுமே தவறு என்பது என் கருத்து. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

பூட்டு எதற்கு?

இந்தப் பூட்டு ஒரு கோளாறு என்று நாம் நினைக்கிறோம். அது கோளாறு இல்லை, காவல். ஒரே பொருளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரயில்வே முன்பதிவை நினைத்துப் பாருங்கள்.

கணினி வராத காலத்தில், எந்த ரயிலுக்கு எந்தப் பதிவேடு என்று தனித்தனியாக இருக்கும். அந்தப் பதிவேடு எந்தக் கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் அந்த ரயிலுக்குப் படுக்கை கிடைக்கும். ஆளுக்கொரு வரிசை, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு எழுத முடியாது. ஏனென்றால் இருப்பது ஒரே பதிவேடு, அது ஒருவர் கையில்தான் இருக்கும். 1980-களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கி மற்ற பெருநகரங்களுக்குப் பரவியது. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒரே வலையில் இணைந்தன. அதற்குப் பிறகு எந்த ஊர்க் கவுண்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் சீட்டு எடுக்கலாம் என்று ஆனது. அப்படியானால் விருத்தாசலம் ஜங்ஷனில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே படுக்கையைக் கேட்டால்? கணினி அந்தப் பதிவை ஒருவருக்காகக் கண நேரம் பூட்டுகிறது, மற்றவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படுக்கைக்கு இரண்டு பேர் சீட்டோடு நின்று சண்டை போடுவது மட்டும் நன்றாகவே தெரியும்.

வீட்டுக் கணினிக்கும் இதே ஏற்பாடுதான். ஆரம்பகால டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும், ஆகவே பூட்டு தேவைப்படவில்லை. 1984-இல் வந்த டாஸ் 3.0-இல்தான் 'ஷேர்' என்ற சிறு நிரல் சேர்ந்தது. கோப்பைப் பகிரவும் பூட்டவும் அதுதான் வழி செய்தது. இன்றைய விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே ஒரு நிபந்தனை சொல்லித் திறக்கிறது: "நான் வைத்திருக்கும் வரை மற்றவர்கள் படிக்கலாம், எழுதக் கூடாது" என்றோ, "ஒருவரும் தொடக் கூடாது" என்றோ, "அழிப்பதானாலும் பரவாயில்லை" என்றோ. அந்த நிபந்தனைக்கு மாறாக நாம் ஏதாவது செய்யப் போனால் கதவு திறக்காது. அவ்வளவுதான் விஷயம்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வேலைக்காரர்களுக்குக் கணினிப் படிப்பே வேண்டாம். மின்வாரியத்தில் இருந்தவர்களுக்கு 'எல்.சி.' என்றால் தெரியும், எங்களுக்கு 'பெர்மிட்'. ஒரு மோட்டாரில் கை வைப்பதற்கு முன் அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, ஃபியூஸைக் கழற்றி, பிரேக்கரில் பூட்டுப் போட்டு, ஒரு அட்டையைத் தொங்கவிடுவோம். "ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே." அட்டையில் வேலை செய்கிறவர் பெயரும் பெர்மிட் எண்ணும் இருக்கும். மூன்று குழு வேலை செய்தால் மூன்று பூட்டு. மூன்றாவது பூட்டுக்காரர் கழற்றும் வரை முதலிரண்டு பேர் முடித்துவிட்டதால் பயனில்லை.

கன்வேயரில் இன்னொரு ஏற்பாடு உண்டு. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு போகும். 'புல் கார்டு' என்போம். ஆபத்து என்றால் யாரும் எங்கிருந்தும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் அங்கிருந்தபடியே மறுபடி ஓட்ட முடியாது. ஒருவர் நடந்து போய், எந்த இடத்தில் இழுக்கப்பட்டதோ அந்த இடத்து ஸ்விட்சைக் கையால் பழைய நிலைக்குத் தள்ள வேண்டும். வெயிலோ மழையோ நடந்துதான் ஆக வேண்டும். ஏன் இந்தக் கொடுமை? போகிறவர் அங்கே என்ன ஆனது, யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். நடையே பாதுகாப்பு.

பூட்டுப் போட்டவர் ஷிஃப்ட் முடிந்து சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. அப்போது பூட்டை அறுப்போம். ஆனால் அறுப்பதற்கு முன் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்போம். வேலை நடந்த இடத்தைப் போய்ப் பார்ப்போம். ஆள் இல்லை, கருவி இல்லை என்று உறுதி செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறுப்போம். அறுப்பது குற்றமில்லை. கேட்காமல் அறுப்பதுதான் குற்றம்.

கணினியில் பூட்டிய கோப்பையும் இதே வரிசையில் அணுக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. யார் வைத்திருக்கிறார்கள்? எதற்காக? முறையாக விடச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் மட்டும் அறுக்கலாம்.

யார் யாரைச் சந்தேகிக்கலாம்?

என் அனுபவத்தில், நம் வீட்டுக் கணினிகளில் கோப்பைப் பிடித்து வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர்தான்.

முதல் ஆள் நாமே திறந்த நிரல். வேர்ட், எக்ஸெல், பி.டி.எஃப். படிக்கும் நிரல், படம் காட்டும் நிரல். சன்னலைச் சுருக்கி வைத்துவிட்டு மறந்திருப்போம்.

இரண்டாவது, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரே. வலப்பக்கம் கோப்பை முன்காட்சியாகக் காட்டும் பலகை திறந்திருந்தால், காட்டுவதற்காகவே அது கோப்பைத் திறந்து வைத்திருக்கும். நாம் அழிக்க நினைத்து அதன்மேல் சொடுக்கியதுமே அது திறந்துகொள்கிறது. பிறகு "திறந்திருக்கிறது" என்று நமக்கே சொல்கிறது. முன்காட்சியை அணைத்தால் பல பூட்டுகள் தானாகத் திறந்துவிடும்.

மூன்றாவது, வைரஸ் தடுப்பு நிரல். புதிதாக இறக்கிய கோப்பை அது சோதித்துக்கொண்டிருக்கும். பெரிய கோப்பென்றால் கொஞ்சம் நேரமாகும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

நான்காவது, மேகத்துக்கு நகல் எடுக்கும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை. நம் ஊர் இணைய வேகத்தில் இருபது கல்யாணப் படம் மேலே ஏறி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஐந்தாவது, எழுத்துரு. இது தமிழர்களுக்கே உரிய தொல்லை. பழைய தமிழ் எழுத்துருவை எடுத்துவிட்டுப் புதியது போடப் போனால், "பயன்பாட்டில் இருக்கிறது" என்று வரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் இது அன்றாடக் கதை. பேஜ்மேக்கர் அந்த எழுத்துருவை வைத்திருக்கும்; அதை மூடினாலும் விண்டோஸ் தன் நினைவில் வைத்திருக்கும். எல்லா நிரலையும் மூடி, கணினியை மறுதொடக்கம் செய்த உடனே, வேறு எதையும் திறக்காமல் மாற்ற வேண்டும்.

ஆறாவது, செத்துப்போன பூட்டு. நமக்குத்தான் மின்வெட்டு பழகிய விஷயமாயிற்றே. வேர்ட் ஒரு கோப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே '~$' என்று தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்றை மறைவாக உருவாக்கும். யார் திறந்திருக்கிறார் என்ற பெயர் அதில் இருக்கும். லிப்ரே ஆபீஸும் இதேபோல் ஒன்றை வைக்கும். ஒழுங்காக மூடினால் அதுவும் போய்விடும். மின்சாரம் போய்க் கணினி செத்தால் அந்தக் குட்டிக் கோப்பு அநாதையாக நின்றுவிடும். மறுபடி திறக்கும்போது, "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று நம் பெயரையே நமக்குச் சொல்லும். உண்மையிலேயே வேறு யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தக் குட்டிக் கோப்பை மட்டும் அழிக்கலாம். ஆள் போய்விட்டார், அட்டை மட்டும் தொங்குகிறது என்ற நிலைமை அது.

பெயரைக் கண்டுபிடிக்கும் வழி

ஊகிக்க வேண்டியதில்லை, விண்டோஸிடமே கேட்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டருக்குப் போகலாம். அல்லது தேடும் இடத்தில் அந்தப் பெயரையே தட்டலாம். அதில் சி.பி.யு. என்ற பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பகுதி இருக்கும். அங்கே உள்ள தேடல் கட்டத்தில் கோப்பின் பெயரில் ஒரு பகுதியை எழுதினால், எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டிவிடும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. இருப்பது தெரியாமல்தான் பதினைந்து வருடமாகப் பலர் இணையத்தில் பூட்டுடைப்பான் தேடுகிறார்கள்.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் 'ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்' இருக்கிறது. மார்க் ருசினோவிச் என்பவரும் அவர் கூட்டாளியும் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தின் படைப்பு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் 2022 முதல் 'ஃபைல் லாக்ஸ்மித்' என்ற கருவியும் உண்டு. கோப்பின்மேல் வலச்சொடுக்கினால் பிடித்திருப்பவர் பட்டியல் வந்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை.

பெயர் தெரிந்த பிறகு அந்த நிரலை முறைப்படி மூடுங்கள். சேமிக்க வேண்டியதைச் சேமித்து மூடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8-க்குப் பிறகு 'ஷட்டவுன்' என்பது முழுமையான அணைப்பு அல்ல. வேகமாக எழுவதற்காக, அமைப்பின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே சார், அப்பவும் போகலையே" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

அறுத்தால் என்ன?

"எதற்கு இத்தனை சுற்று? ஒரு சொடுக்கில் பூட்டைத் திறக்கும் நிரல் இருக்கிறதே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள் என்கிறேன்.

ஒரு நிரல் கோப்பைத் திறந்ததும் விண்டோஸ் அதற்கு ஓர் எண் தருகிறது. கோவிலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரி. "நாற்பத்தெட்டில் எழுது" என்று நிரல் சொன்னால், விண்டோஸ் நாற்பத்தெட்டுக்குரிய கோப்பில் எழுதும். பூட்டுடைப்பான் அந்த டோக்கனை நிரலுக்குத் தெரியாமல் ரத்து செய்துவிடுகிறது. நிரல் இன்னும் தன்னிடம் டோக்கன் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்து அதே நிரல் வேறொரு கோப்பைத் திறக்கும்போது காலியான நாற்பத்தெட்டாம் எண் அதற்குப் போய்ச் சேரலாம். பழைய நினைப்பில் நிரல் "நாற்பத்தெட்டில் எழுது" என்று சொன்னால், எழுத்து போய் விழுவது சம்பந்தமே இல்லாத கோப்பில். இன்று அழிய மறுத்த பாட்டுக் கோப்பு அழிந்துவிடும். அடுத்த வாரம் கணக்குக் கோப்பு திறக்காது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. இலவசப் பூட்டுடைப்பான்கள் பலவற்றோடு வேண்டாத விளம்பர நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவது தனிக் கதை.

நகல் எடுப்பதும் ஒரு வகை உடைப்புதான்

பூட்டை உடைக்காமலே அதன் நோக்கத்தைக் கெடுக்க முடியும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்றோர் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பெயர், வாரிசு, சந்தா எல்லாம் ஓர் எக்ஸெல் கோப்பில் இருந்தன. ஒரே அறையில் இரண்டு கணினிகள், இரண்டுக்கும் பொதுவான உறையில் அந்தக் கோப்பு.

ஒருநாள் ஒருவர் கோப்பைத் திறந்தபடியே சாப்பிடப் போய்விட்டார். இன்னொருவர் திறந்தபோது, "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கவா?" என்று எக்ஸெல் கேட்டது. அவர் படிக்க மட்டும் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் வாரிசு மாற்றங்கள் சிலவற்றை எழுதினார். மூலக் கோப்பு பழையபடியே இருந்தது. அடுத்தடுத்த மாதங்களில் சிலர் மூலத்திலும் சிலர் நகலிலும் எழுத, இரண்டும் இரண்டு திசையில் வளர்ந்தன.

பிறகு ஓர் உறுப்பினர் இறந்தார். மூலக் கோப்பில் வாரிசாக இருந்தது எப்போதோ காலமாகிவிட்ட அவருடைய தாயார் பெயர். மனைவியின் பெயர் நகலில் இருந்தது. அந்த அம்மாவிடம், "உங்க பேரு பதிவுல இல்லீங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரியச் செலவுக்குக் கைமாற்று வாங்கிய அவர் ஆதார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று நான்கு மாதம் அலைந்தார். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வித்தியாசப்பட்ட வரிகள் பதினேழு. அந்தப் பதினேழில் எது சரி என்பதை எந்த நிரலாலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுத்தான் சரிசெய்தார்கள்.

பூட்டு அன்றைக்குத் தன் வேலையைச் சரியாகச் செய்தது. யார் வைத்திருக்கிறார் என்று பெயரோடு சொன்னது. நான்கு எட்டு நடந்துபோய், "அண்ணே, அந்தக் கோப்பை மூடிட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் குழுவில் இப்போது கணினி மேசைமேல் ஓர் அட்டை இருக்கிறது. கோப்பைத் திறந்திருப்பவர் பெயரை அதில் எழுத வேண்டும். நகல் எடுத்தால் நகலின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் எழுத வேண்டும். பழைய பெர்மிட் அட்டைதான், வேறு வேலைக்கு வந்திருக்கிறது.

எல்லாப் பூட்டும் ஒன்றல்ல

பூட்டு மாதிரியே தெரியும் வேறு சில உண்டு. அவற்றுக்கு மருந்து வேறு.

"அனுமதி இல்லை" என்று வந்தால் அது யாரும் பிடித்திருப்பதைக் குறிக்காது. அந்தக் கோப்பு வேறொரு பயனருக்கோ பழைய கணினியின் கணக்குக்கோ உரியதாக இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டும்போது இது வரும். உரிமையை மாற்றினால் சரியாகும்.

இணையத்திலிருந்து வந்த கோப்பை விண்டோஸ் தனியாகக் குறித்து வைக்கும். அனுப்பியவர் நம்பகமானவர் என்றால், கோப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும்.

இறக்கிய ஆதார் பி.டி.எஃப். திறக்கவில்லை என்று வருகிறவர்கள் அதிகம். அது கடவுச்சொல் பூட்டு. ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த வருடம். முருகன் என்று பெயர், 1958-இல் பிறந்தவர் என்றால் எம், யு, ஆர், யு, பிறகு 1958. அவ்வளவுதான். இதற்குப் பணம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீளமான தமிழ்ப் பெயரும் ஒரு பொறி. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யுனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'கு' என்ற ஓர் எழுத்தில் இரண்டு குறிகள் இருப்பதால் அது 6 பைட். விண்டோஸில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் அங்கே போகும்போது ஏற்க மறுக்கும். பெயரைச் சுருக்கினால் நகலாகிவிடும். பூட்டுடைப்பானுக்கு இங்கே வேலையே இல்லை.

கடைசியாக, உண்மையான கொள்ளைக்காரன் போடும் பூட்டு. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' உலகம் முழுவதும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன; ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சிலவும் மாட்டின. கோப்புகளைச் சங்கேத மொழியில் மாற்றிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினில் கொடு என்றது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். கோப்புகளின் பெயருக்குப் பின்னால் விசித்திரமான வால் முளைத்திருந்தால், பணம் கேட்கும் குறிப்பு ஒன்று பக்கத்தில் கிடந்தால், உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் கட்டாதீர்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் வேறு சிலரும் 2016 முதல் 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி தருகிறார்கள். அதில் தேடிப் பாருங்கள்.

நல்ல பூட்டுக்கும் கெட்ட பூட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், இரண்டுக்கும் "ஃபார்மட்" என்ற ஒரே மருந்தைக் கொடுக்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய வருத்தம். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் போன குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. பட்டா, வில்லங்கச் சான்று, இழப்பீட்டு ஆணை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளைகளின் மடிக்கணினியில் வைத்திருக்கிறார்கள். மண் போய்விட்டது, அந்த மண் நம்முடையதாக இருந்தது என்பதற்கு இருப்பது அந்தக் கோப்புகள்தாம். ஒரு பாட்டுக் கோப்பு அழியவில்லை என்பதற்காக அந்தக் கணினியைத் துடைத்துக் கொடுத்துவிடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இரண்டு முறைகள், என் கட்சி

லினக்ஸ் பிரியர்கள் ஒன்று சொல்வார்கள்: "எங்களிடம் இந்தத் தொல்லை இல்லை; திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம்." உண்மை. அங்கே அழிப்பது பெயரை மட்டும்தான். பிடித்திருக்கும் நிரல் விடும் வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும், இடமும் திரும்பக் கிடைக்காது. வெளியே பெயர்ப்பலகையை எடுத்துவிட்டோம், உள்ளே ஆள் இருக்கிறார் என்ற கதை. வசதியான முறைதான், சர்வர்களுக்கு மிகவும் நல்லது. ஆனால் அன்றாடம் எக்ஸெல்லில் கணக்கு எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கு விண்டோஸின் பிடிவாதமே பாதுகாப்பு என்பது என் கட்சி.

விண்டோஸ்மேல் எனக்கு இருக்கும் குறை வேறு. சில நேரம், "வேர்டில் திறந்திருக்கிறது" என்று பெயரைச் சொல்கிறது. பல நேரம், "வேறொரு நிரலில்" என்று மூடி மறைக்கிறது. அதற்குத் தெரியாதா? தெரியும். ரிசோர்ஸ் மானிட்டரில் கேட்டால் நொடியில் சொல்கிறதே! கேட்டால்தான் சொல்வேன், அதுவும் நாலாவது கதவைத் தட்டினால்தான் சொல்வேன் என்றால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? பெயர் இல்லாத பூட்டைப் பார்த்தால் யாருக்கும் உடைக்கத்தான் தோன்றும். எங்கள் பிரேக்கரில் பெயரில்லாத அட்டையைத் தொங்கவிட்டால் அந்த ஆள் மறுநாள் அதிகாரி முன் நிற்க வேண்டியதுதான்.

நெய்வேலிப் பள்ளிகளில் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் நிரல் ஒரு கோப்பைப் பூட்டினால், வேலை முடிந்த அடுத்த நொடி விட்டுவிடுங்கள். இன்னொருவர் வந்து கதவைத் தட்டினால் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: யார் வைத்திருக்கிறது, எப்போதிலிருந்து, விடச் சொல்ல எங்கே போக வேண்டும். தமிழில் சொன்னால் இன்னும் நல்லது. அட்டையில் எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கும் நாலைந்து வரிதான் ஆகும்.